பாடசாலையில் தண்ணீர்: எங்கே மிச்சம் பிடிப்பது?



பாடசாலையில் நீரையும் மின்சாரத்தையும் சேமிப்பது பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது எங்கள் வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிக்கனம் படிப்பிக்க வேண்டுமா என்பதே அந்தச் சிரிப்பின் பொருள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நாங்கள் ஆறாம் வகுப்பு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கிலே படித்தோம். பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, குடையை மலர்த்திப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

இவற்றை இப்போது பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அது இல்லாமையால் வந்த சிக்கனம். "நாங்கள் அப்படிப் படித்தோம், நீங்களும் சமாளியுங்கள்" என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஏன் என்பதற்கு வைத்தியசாலையில் எங்களிடம் வரும் பிள்ளைகளே காரணம்.

சிறுநீர் எரிவு, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று பள்ளிச் சீருடையோடு மாணவிகள் வருகிறார்கள். பாடசாலைக்குத் தண்ணீர் கொண்டு போவதில்லையா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டோம். "போத்தல் நிறையக் கொண்டு போவன் டொக்டர், அப்படியே திருப்பிக் கொண்டு வருவன்" என்றாள். ஏனம்மா என்றால் தாயைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இன்ரேவலுக்குப் பிறகு பாத்ரூமிலை தண்ணி வராது. சில நாள் பூட்டியும் இருக்கும்." மாதவிலக்கு நாட்களில் அவள் பாடசாலைக்கே போவதில்லை என்று தாய் சேர்த்துச் சொன்னார்.

காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்காமல், போகாமல் அடக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? சிறுநீர் தடித்துவிடும், பையில் தேங்கிக் கிடக்கும், கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகியது என்பதால் தொற்று எளிதாக ஏறும். அடிக்கடி வந்தால் சிறுநீரகத்தையும் தொடும். தலையிடி, களைப்பு, பாடத்தில் மனம் நில்லாமை எல்லாம் இதன் உறவுக்காரர்தான். தண்ணீரை மிச்சம் பிடித்த பாடசாலை பிள்ளையிடம் இருந்தல்லவா அதைப் பிடுங்கியிருக்கிறது?

அப்படியானால் சேமிக்கவே தேவையில்லையா? இருக்கிறது, நமக்குத்தான் மிக அதிகமாக இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான் நம் கிணற்று நீர். அது பாரமான உப்புநீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது. சுற்றுலாவுக்கு நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிச் சென்றபோது, மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று ரீச்சர் சொன்னது நினைவிருக்கும். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வரும். துலாவால் அள்ளிய காலத்தில் கை வலித்தால் நிறுத்தினோம். மோட்டருக்குக் கை வலிப்பதில்லை. இதற்கு மேல், தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து நைத்திரேற்றும் நம் கிணறுகளில் ஏறிவிட்டது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கே இதில் முதல் ஆபத்து.

ஆகவே, எங்கே மிச்சம் பிடிப்பது? போன மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர், நமது பாடசாலையில், கொப்பியும் பேனையுமாகச் சுற்றி வந்தோம். மின்சாரச் செலவைக் குறைக்க மோட்டரைக் காலையில் ஒரு தடவை மட்டும் போடுகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட, தாங்கி நிறைந்து, சுவரால் வழிந்து, முற்றம் குளமாகிறது. மத்தியானம் மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை. மிதவை வால்வு ஒன்று இருந்தால் இரண்டும் தீரும். ஒழுகும் குழாய்களை எண்ணினோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு குழாயில் நாளுக்கு இருபது லீற்றருக்கு மேல் போகும். ஒரு றப்பர் வாசர் விலை ஒரு பிளேன்ரீ விலைகூட வராது! கைகழுவும் தொட்டித் தண்ணீர் நேரே கானுக்குப் போகிறது. இரண்டு முழக் குழாயில் அதை வாழைக்குத் திருப்பலாம்.

கூரையையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சராசரி 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை, பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 300 சதுர மீற்றர் கூரை என்றால் 360,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சேதமாகப் போனாலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும். பீலி பூட்டி, முதல் மழையை வெளியே விட்டு, ஒரு பகுதியைத் தாங்கியில் சேர்த்து மலசலகூடத்துக்கு எடுக்கலாம். மீதியை மண்ணில் இறக்கலாம். மலக்குழிக்கு அருகில் மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். நன்கொடை என்றால் நமக்குக் கட்டடமும் குளிரூட்டியும்தான் கண்ணில் படுகின்றன. பெயர்ப் பலகை பதிக்க வசதி. அம்மாவின் பெயரை மலசலகூடத்துக்கு வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் குளிரூட்டி பூட்டிய பிறகு மாதாமாதம் கட்டணம் கட்டுவது பாடசாலை. உயர்ந்த கூரையும் இரு பக்க விறாந்தையும் உள்ள நம் பழைய மண்டபத்தில் யன்னலைத் திறந்தாலே காற்று வரும். அந்தப் பழைய 40 வாற்றுக் குழல் விளக்குகளை மாற்றினால் பாதி மின்சாரம் போதும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது நின்றது விளக்கு மட்டுமா, மோட்டரும் நின்றது. கிணற்றில் கப்பியும் வாளியும் இருந்திருந்தால் பிள்ளைகள் கைகழுவியிருப்பார்கள். கழற்றிய கப்பியைத் திரும்பப் பூட்டுங்கள்.

பாடசாலைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 25 மாணவிகளுக்கு ஒரு மலசலகூடம் என்கிறது. நாங்கள் எண்ணியபோது பாவிக்கக் கூடியவை அதில் பாதியும் இல்லை. புதிதாகக் கட்டுவதற்கு முன், இருப்பவற்றைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு துப்புரவுப் பணியாளரின் மாதச் சம்பளம், மூடியுள்ள குப்பைத் தொட்டிகள், உள்ளே பூட்டக் கூடிய கொக்கிகள். எங்கள் வகுப்பு முதல் ஆறு மாதச் சம்பளத்தை ஏற்றிருக்கிறது. ஏழாவது மாதத்திலிருந்து எந்த வகுப்பு என்று இன்று தேநீருக்கு முன் பெயர் தரலாம். பீலி வேலை ஒக்ரோபர் மழைக்கு முன் முடிய வேண்டும்; வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் நிற்போம்.