சக்கர நாற்காலியில் இறகுப்பந்து



இன்று ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் பெயர் சரினா சடோமி. ஜப்பான் நாட்டில் சிபா என்ற பகுதியைச் சேர்ந்தவர். 1998ஆம் ஆண்டு பிறந்தவர். அவரால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆடுகிறார். உலகப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறார்.

"ஜப்பான்காரப் பெண்ணின் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் பனை மரத்திலிருந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பைக்கில் போய் அடிபட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். முதுகில் அடிபட்டுக் கால் விழுந்துபோனவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களில் பலர் இன்றும் திண்ணையிலோ உள் அறையிலோ கிடக்கிறார்கள். சரினாவுக்குப் பட்டதும் அதே மாதிரி அடிதான். அதற்குப் பிறகு நடந்தது மட்டும் வேறு.

முதலில் அந்த அடியைப் பற்றிச் சொல்கிறேன். நம் மூளையிலிருந்து கயிறு போல ஒரு நரம்புக் கற்றை முதுகெலும்புக்குள்ளே இறங்கி வருகிறது. அதைத் தண்டுவடம் என்பார்கள். "காலை எடுத்து வை" என்று மூளை சொல்வதை அதுதான் கொண்டுபோகிறது. அது நசுங்கிவிட்டால் சேதி கீழே போகாது. காலில் காயமே இருக்காது. ஆனாலும் கால் அசையாது. தொட்டால் தெரியாது. சுட்டாலும் தெரியாது.

சரினா பள்ளியில் படிக்கும்போதே இறகுப்பந்து ஆடியவர். 2016ஆம் ஆண்டு மே மாதம், மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது, சாலை விபத்தில் சிக்கினார். தண்டுவடம் அடிபட்டது. அப்போது அவருக்கு வயது 18. அதன்பிறகு சக்கர நாற்காலிதான்.

மறு வருடம் அவருடைய அப்பா ஒரு யோசனை சொன்னார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இறகுப்பந்து ஆடுகிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்றார். சரினா போய்ப் பார்த்தார். பிறகு அவரே மட்டையைக் கையில் எடுத்தார்.

இந்த ஆட்டம் எப்படி என்று தெரிந்துகொள்வோம். நம் ஊரில் கம்பளிப் பந்தில் ஆடுகிற பூப்பந்து வேறு. இது இறகுப்பந்து. நாம் ஷட்டில் என்று சொல்கிறோமே, அது. பந்தில் 16 இறகுகள் இருக்கும். சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்களுக்கும் வலையின் உயரம் அதேதான். ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் களத்தின் அகலத்தில் பாதியில் ஆடுவார்கள். வலையை ஒட்டி ஏறக்குறைய 2 மீட்டர் தூரத்துக்குள் பந்து விழுந்தால் அது வெளியே விழுந்த கணக்கு. பந்தை அடிக்கும்போது உடம்பு நாற்காலியின் இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. 21 புள்ளி எடுத்தால் ஒரு சுற்று. மூன்றில் இரண்டு சுற்று ஜெயித்தவருக்கு வெற்றி.

கேட்கச் சுலபம். ஆடுவது கடினம். மட்டை பிடித்த கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். முன்னால் ஓட வேண்டும். உடனே பின்னால் வர வேண்டும். தலைக்கு மேலே போகிற பந்தை அடிக்கப் பின்பக்கம் சாய வேண்டும். அப்போது நாற்காலி கவிழாமல் இருக்கப் பின்னால் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருப்பார்கள். பெரிய சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்காமல் சாய்வாக இருக்கும். அப்போதுதான் சட்டென்று திரும்பலாம்.

இந்த ஆட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. இடுப்பிலும் முதுகிலும் பிடிமானம் உள்ளவர்கள் ஒரு பிரிவு. அந்தப் பிடிமானமும் குறைந்தவர்கள் இன்னொரு பிரிவு. சரினா இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். அதாவது, அவருக்கு நிமிர்ந்து உட்காருவதே ஒரு வேலை.

2017இல் ஆடத் தொடங்கினார். 2019இல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரத்தில் உலகச் சாம்பியன் ஆனார். இரண்டே வருடம்!

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக் போட்டியைப் பாராலிம்பிக் என்பார்கள். அதில் இறகுப்பந்தை முதன்முதலாகச் சேர்த்தது டோக்கியோ போட்டியில்தான். கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் அது நடந்தது. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் சுஜிரத் பூக்கம் எதிரே இருந்தார். முதல் சுற்றில் சரினா தோற்றார். அடுத்த இரண்டு சுற்றையும் ஜெயித்தார். தங்கம் வாங்கினார். யூமா யமசாகி என்ற வீராங்கனையுடன் சேர்ந்து இரட்டையர் ஆட்டத்திலும் தங்கம் வாங்கினார். 2024இல் பாரிஸ் நகரத்தில் மறுபடியும் ஒற்றையர் தங்கம் அவருக்கே.

அதே பாரிஸ் போட்டியில், நின்று ஆடும் பிரிவுகளில், நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேரும் இறகுப்பந்தில் பதக்கம் வாங்கினார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி வாங்கினார். மனிஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வாங்கினார்கள்.

சரினாவுக்கு மனத்துணிவு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணிவு மட்டும் போதுமா? போகச் சொல்ல ஓர் அப்பா இருந்தார். போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. அங்கே அவரைப் போன்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். உட்கார ஏற்ற நாற்காலி இருந்தது. இவை இல்லாமல் "தைரியமாக இரு" என்று சொன்னால் அது வெறும் பேச்சு.

எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்தாலே போதும். அதற்கு நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒருவர் உயரத்திலிருந்து விழுந்தால், கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பலகையில் நேராகப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். தப்பாகத் தூக்கினால் பிழைத்திருக்கிற நரம்பும் கெட்டுவிடும்.

கால் உணர்வு இல்லாதவரை ஒரே பக்கம் படுக்க வைக்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். அவருக்கு வலி தெரியாது. அதனால் தினமும் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அரசு வேலையில் 4 சதவீதம் இடம் உண்டு. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் இருக்க வேண்டும். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். இப்போது நமக்கு எழுதத் தெரியும். அந்த மனுவை நாமே எழுதிக் கொடுக்கலாம்.

நம் மையத்துக்கு வர மூன்று படி ஏற வேண்டும். பக்கத்தில் செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு சரிவு கட்டினால் நாற்காலி மேலே வந்துவிடும். ஒரு நாள் வேலைதான். அது முடிந்ததும், உங்கள் தெருவில் உள்ளே கிடக்கிறவர் யாரோ, அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.