கடலைப் பார்த்த இருபது வயதுப் பையன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"சம்பளம், வெளிநாடு இதெல்லாம் வேண்டாம்ப்பா, வேறு ஏதாவது பேசு" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் சங்கீதம் பற்றிப் பேசப்போகிறேன். பின்வரிசையில் என் ஹாஸ்டல் நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. நான் பாடினால் பக்கத்து அறையில் பக்கெட்டைத் தட்டுவார்கள். ஆனாலும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெலிக்ஸ் மெண்டெல்சோன் என்று ஒரு ஜெர்மானிய இசையமைப்பாளர். 1809-ல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். 1829-ல், இருபது வயதில், கிளிங்கெமான் என்ற நண்பரோடு ஸ்காட்லாந்து சுற்றப் போனார். ஆகஸ்ட் 7-ஆம் தேதி மேற்குக் கடற்கரையில் நின்று ஹெப்ரிடீஸ் தீவுகளையும் கடலையும் பார்த்தார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடம் தன் மனதை என்ன செய்தது என்று காட்ட, வார்த்தைகளை விட்டுவிட்டு 21 பார் இசைக்குறிப்பை எழுதி அனுப்பினார்.

மறுநாள் நீராவிக் கப்பலில் ஸ்டாஃபா என்ற தீவுக்குப் போனார்கள். கடல் கொந்தளிப்பு. ஐயாவுக்கு வாந்தியோ வாந்தி! அங்கேதான் ஃபிங்கல் குகை இருக்கிறது. சிவில் படிக்கிற தம்பிகள் கவனியுங்கள். சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, வெடித்து, பெரும்பாலும் அறுகோணத் தூண்களாக நிற்கிறது. நம் ஊர் ஏரி காய்ந்தால் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதே, ஏறக்குறைய அதே கணக்குதான். உள்ளே அலை மோதும்போது எழும் முழக்கத்தால் அந்நாட்டு மொழியில் அதற்கு "இசைக் குகை" என்றே பொருள்படும் பெயர் உண்டு.

இந்தப் பயணத்தில் பிறந்ததுதான் "ஹெப்ரிடீஸ்" என்ற இசை. பத்து நிமிடம்தான். தொடக்கத்தில் தாழ்ந்த சுருதி வாத்தியங்களில் ஒரு சின்னச் சுரக்கோவை இறங்கி இறங்கி வரும். அலை வந்து வந்து போவது போலவே இருக்கும்.

என் அறை நண்பன் இதை எனக்கு அனுப்பியபோது நான் பாட்டுக் கேட்கும் நிலையில் இல்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு கிராமத்துச் சாலைக்குச் சிறுபாலம் ஒன்றை வடிவமைத்திருந்தேன். வரைபடம், பழைய கோப்பிலிருந்த மழை அளவு, பாடப்புத்தகச் சூத்திரம், எல்லாம் சரி. இடத்தை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் ஒரு பெரியவரின் நடவு நான்கு நாள் மூழ்கி அழுகிப்போனது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஏன் தம்பி, ஒரு நடை வந்து கேட்டிருந்தா மேல் ஏரிக் கலிங்குத் தண்ணி இந்தப் பக்கமாத்தான் வரும்னு காட்டியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அந்த வாரம்தான் மெண்டெல்சோன் கதையைப் படித்தேன். 1830 டிசம்பரில் ரோம் நகரில் அந்த இசையை எழுதி முடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் 1832 ஜனவரியில் பாரிஸிலிருந்து அக்கா ஃபேனிக்கு எழுதுகிறார்: நடுப்பகுதி சரியில்லை, அதில் திமிங்கில எண்ணெய், கடற்பறவை, உப்புமீன் வாசனையைவிட இலக்கண வாசனைதான் அதிகம் அடிக்கிறது என்ற பொருளில். 1832 மே 14-ல் லண்டனில் அரங்கேறியது. அதற்குப் பிறகும் திருத்தினார்!

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் வரைபடத்தில் சூத்திர வாசனைதான் இருந்தது. சேற்று வாசனை கொஞ்சமும் இல்லை.

மேலதிகாரியிடம் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். பெரியவரோடு கலிங்கு வரை நடந்தேன். ஒரு கண் வைத்த இடத்தில் மூன்று கண் வேண்டும் என்று தெரிந்தது. மூன்று முறை திருத்தி, அடுத்த மழைக்குள் கட்டி முடித்தோம். அந்த வருடம் வயல் தப்பியது. முந்தைய வருட நடவை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அது இன்னும் என் கணக்கில் கடனாகவே இருக்கிறது.

தம்பி தங்கைகளே, இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெண்டெல்சோன் அதைக் கரைத்துக் குடித்தவர். நம் பேராசிரியர்கள் சொல்லித் தந்த சூத்திரம் இல்லாமல் மூன்று கண் என்று என்னாலும் கணக்கிட்டிருக்க முடியாது. ஆனால் முதலில் போய்ப் பாருங்கள். வாந்தி வந்தாலும் போய்ப் பாருங்கள். செய்து முடித்த பிறகு, அந்த இடத்தின் வாசனை அதில் இருக்கிறதா என்று ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். இல்லையென்றால் திருத்த வெட்கப்படாதீர்கள்.

இன்று இரவு ஹாஸ்டலில் அந்தப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள். பக்கெட்டைத் தட்டமாட்டார்கள் என்று உறுதி தருகிறேன்.