மலையகப் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபிப் பட்டம்

சரிவான மலையில், கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்தெடுக்கும் அம்மாமாரைக் கழுத்துவலியும் இடுப்புவலியும் என்ன பாடுபடுத்துகின்றன என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வலியைப் பயிற்சியாலும் அசைவாலும் தணிக்கும் வைத்தியம்தான் பிசியோதெரபி. அதை நம் பிள்ளைகள் பட்டமாகவே படிக்கலாம்.

பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இது 4 வருடப் படிப்பு; கல்விக் கட்டணம் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெரிவு இசட் புள்ளிப்படி. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே, கொழும்புப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது விருப்ப வரிசையில்தான். மருத்துவத்தை எழுதியதோடு நின்றுவிடுகிறார்கள். பேராதனைப் பிசியோதெரபி, கொழும்புப் பிசியோதெரபி இரண்டும் தனித்தனித் தெரிவுகள், இரண்டையும் எழுதுங்கள். மேலே உள்ள தெரிவு கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கமாட்டார்கள். அதனால் உண்மையிலேயே விரும்பும் வரிசையில் எழுத வேண்டும்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களை, தம்பி தங்கைகளே, ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.