சலவை நுரையும் சாக்கடை நீரும்



தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் சாக்கடையைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களுள் சிலர் முகம் சுளிக்கலாம். இலக்கியம் பேச நம்மிடையே வல்லவர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ நம் வீட்டுத் துணி துவைக்கும் கல்லிலிருந்து தொடங்குவது.

நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். அந்நகரம் துவைத்தும் குளித்தும் கழித்த நீரும் இப்போது அதே திசையில் கோலாரை நோக்கி வருகிறது. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்பது அதன் பெயர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரித்து, நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளை நிரப்பி, வற்றிப்போன நிலத்தடி நீரை ஊறச் செய்வது அதன் நோக்கம். 2018 ஜூனில் நரசாபுரத்தை அடுத்த லட்சுமிசாகர ஏரியில் முதல் நீர் வந்து விழுந்தபோது மக்கள் மகிழ்ந்தனர். ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் நீர் காணாத மாவட்டத்தார் மகிழாமல் என்ன செய்வர்? ஆனால் அடுத்த மாதமே அந்த ஏரியில் வெண்ணுரை எழுந்தது. நீரேற்றம் நிறுத்தப்பட்டது, வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, உச்சநீதிமன்றம் வரை போயிற்று. பின்னர் நீர் மீண்டும் வரத் தொடங்கியது.

சயனைடு மணல் மேடுகளின் நிழலிலே பிறந்து, காற்றடி காலத்தில் அதன் தூளையே உண்டு வளர்ந்த நமக்கு நுரை ஒரு பொருட்டா என்று கேட்பவர் இருக்கலாம். பொருட்டுத்தான். அதை உணரச் சாக்கடை நீர் எவ்வாறு சுத்தமாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அதைச் சுத்தம் செய்வது இயந்திரமன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர், சாக்கடை நீரில் இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் சேற்றை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், அச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே அழுக்கைத் தின்று தீர்த்துவிடும் என்று காட்டினர். அவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் பவுலர். அவரே 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி. இன்று உலகெங்கும் பெருநகரங்களில் நடப்பது பெரும்பாலும் அந்த முறையே.

இந்த நுண்ணுயிர்க் கூட்டத்திற்கு இரண்டே தேவைகள்: உணவு, பிராணவாயு. உணவு சாக்கடையில் நிறைய உண்டு. பிராணவாயுவைத்தான் ஊதி ஊதிச் செலுத்த வேண்டியிருக்கிறது. சலவைத் தூள் குறுக்கிடுவது இங்கேதான். அதிலுள்ள அழுக்கு நீக்கும் பொருள் காற்றுக் குமிழியைச் சுற்றி மெல்லிய உறைபோலப் படிந்து, பிராணவாயு நீரில் கரைவதைத் தடை செய்கிறது. மேலே நுரை கட்டுகிறது. அந்நுரையோடு நுண்ணுயிர்ச் சேறும் அள்ளுண்டு போகிறது. பணியாள் குறைந்த தொழிற்சாலை போலாகிறது தொட்டி.

பழைய சவர்க்காரத்திற்கு இக்குற்றம் அவ்வளவு இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்த சரக்கு அது. நம் ஊர்க் கிணற்று நீரின் சுண்ணாம்பைக் கண்டதும் திரிந்து படிந்துவிடும். துணி வெளுக்காத குறையும் அதனால்தான். கடின நீரிலும் நுரைக்கும் செயற்கைத் தூள் அதனாலேயே செல்வாக்குப் பெற்றது. நம் நாட்டில் சர்ப் 1959இலும் நிர்மா 1969இலும் புறப்பட்டு, பூந்திக்கொட்டையையும் உவர்மண்ணையும் வீட்டை விட்டே விரட்டிவிட்டன.

மேலைநாடுகளில் 1950களிலேயே இத்தூள் பெருந்தொல்லை கொடுத்தது. ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. காரணம் விந்தையானது. அக்காலத்துச் சலவைப் பொருளின் அணுச் சங்கிலி கிளைகள் விட்டதாக இருந்தது. கரும்பை ஒரு முனையில் கடித்து, கணுக் கணுவாகத் தின்று வருகிறோம் அல்லவா? பாக்டீரியாவும் அவ்வாறே சங்கிலியின் நுனியில் தொடங்கி, இரண்டிரண்டு கரியணுவாகக் கடித்து வரும். கிளை குறுக்கிட்டால் வாய் நின்றுவிடும். கிளையில்லாத நேர்ச் சங்கிலியைச் செய்தால் தீர்ந்தது என்று கண்டனர். நூற்றுக்கு எண்பது பங்கேனும் சிதைய வேண்டும் என்று மேற்கு ஜெர்மனி வகுத்த விதி 1964இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உற்பத்தியாளர் 1965இல் மாறினர். இன்று நம் தூளில் இருப்பதும் பெரும்பாலும் நேர்ச் சங்கிலிச் சரக்கே. சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை அதற்கான மூலப்பொருளைச் செய்கிறது.

அப்படியானால் பெங்களூர் ஏன் நுரைக்கிறது? நியாயமான கேள்வி. காற்றுள்ள இடத்தில்தான் நேர்ச் சங்கிலியும் சிதையும். நன்றாக நடக்கும் காற்றூட்டும் தொட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துவிடும். காற்றில்லாச் சேற்றில் புதைந்ததோ அப்படியே கிடக்கும். பெல்லந்தூர் ஏரிக்கு ஆண்டுக்கணக்கில் சுத்திகரிக்காத சாக்கடை வந்தது. சலவைப் பொருள் சேற்றோடு ஒட்டி அடியில் சேர்ந்தது. பெருமழை பெய்து சேறு கலங்கும்போது அது விடுபட்டு நுரையாகப் பொங்குகிறது என்று இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2015 மே மாதத்தில் அந்நுரையே தீப்பற்றி எரிந்தது. 2018 ஜனவரியில் ஏரியில் பற்றிய தீயை அணைக்கப் படைவீரர்கள் வரவேண்டியதாயிற்று. நீர் எரியும் காட்சியைப் புராணத்தில் கேட்டிருக்கிறோம், பெங்களூரில் கண்டோம்! அந்த ஏரியின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் நுரையாய்ப் பொங்குகிறது. நம் உறவினர் உழும் வயலுக்குப் பாயும் நீர் அது.

நுரை கண்ணுக்குத் தெரியும் குற்றம். தெரியாத குற்றம் ஒன்றும் உண்டு. நீரை மென்மையாக்கச் சில தூள்களில் பாஸ்பேட் சேர்ப்பதுண்டு. அது பயிருக்கு உரம். சாதாரண நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பில் அதன் பெரும்பகுதி நீங்குவதில்லை. ஆகவே தெளிந்த நீராய் ஏரிக்கு வந்தும், பாசியையும் ஆகாயத் தாமரையையும் கொழிக்கச் செய்கிறது. அவை மடிந்து அழுகும்போது ஏரியின் பிராணவாயு தீர்ந்து மீன் சாகிறது. கோலார் விவசாயிகள் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று கேட்பது வீண் பிடிவாதமன்று. பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்துவதும் அம்மூன்றாம் கட்ட வேலைகளுள் ஒன்று. இந்நீர் குடிப்பதற்கன்று என்று அரசினர் சொல்வது உண்மையே. ஆனால் ஏரியில் நின்றது கிணற்றில் ஊறாமல் எங்கே போகும்?

இனி நம் காலனிக்கு வருகிறேன். துணி துவைப்பது பெண்கள் வேலை என்று ஆண்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டா. தூள் வாங்கி வருவது நீங்கள்தாம். செப்டிக் டாங்க் உள்ள வீட்டார் ஒன்றை அறிதல் நலம். அது காற்றில்லாத தொட்டி. சலவைத் தூள் அதற்குள் சிதைவதில்லை. துவைத்த நீரை அதில் விடாமல் தனியே மண்ணில் பரவவிட்டால், காற்றோட்டமுள்ள மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். கிணற்றருகே மட்டும் விடலாகாது. பண்டிகைக்கு முன் பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் கழிவறையில் வாளி வாளியாகக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நகரச் சாக்கடையில் அது நீர்த்துப்போகும்; சிறிய தொட்டியிலோ வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பிறகு நாற்றம் வருகிறதென்று இன்னும் ஒரு புட்டி வாங்குகிறோம்!

நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்பதும் விளம்பரம் வளர்த்த எண்ணமே. அழுக்கை எடுப்பது நுரையன்று. ஒரு வாளிக்கு ஒரு பிடி போடுபவர், அரைப்பிடி போட்டு ஒரு வாரம் துவைத்துப் பாருங்கள். அலசும் தண்ணீரிலும் ஒரு குடம் மிஞ்சும். அந்த ஒரு குடத்தின் விலை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.