சந்தேகம் தாய் செல் மேல, கோளாறு மகள் செல்லில

போன வாரம் சித்தி பொண்ணோட டெஸ்ட் ரிசல்ட் வந்தது. பிஆர்சிஏ-1 மரபணுவில் பிழை இருக்கு. சித்திக்கு இருந்த அதே பிழை. (அவ சம்மதத்தோடதான் சொல்றேன்.) "அண்ணா, மார்பை எடுக்கறதைத் தவிர வேற வழியே இல்லையா?"ன்னு கேட்டா. அதுக்காகப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

2006ல மெல்போர்னில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லிண்டெமன் குழு, எலியின் ஒரே ஒரு மார்பக ஸ்டெம் செல்லை இன்னொரு எலியின் கொழுப்புத் திசுவில் வைத்தார்கள். முழுப் பால்சுரப்பியே வளர்ந்தது! இவ்வளவு சக்தி உள்ள செல்தான் பிஆர்சிஏ-1 புற்றுநோய்க்கும் மூலம்னு சந்தேகம் வந்தது.

2009ல அதே குழு, இந்தப் பிழை உள்ள பெண்களின் மார்பகத் திசுவைப் பார்த்தது. பெருகியிருந்தது ஸ்டெம் செல் இல்லை. அதிலிருந்து உருவாகிற லூமினல் முன்னோடி செல்கள். எரர் மெசேஜ் காட்டற ஃபைல் ஒண்ணு, பக் இருக்கிற ஃபைல் வேற. எனக்கு இது தினசரி அனுபவம்.

இடம் தெரிந்ததும் மருந்து தேட முடிந்தது. அந்த முன்னோடி செல்களில் ஒரு பகுதி, 'ரேங்க்' என்கிற ஏற்பி வழியா வளரச் சொல்லி சிக்னல் வாங்குது. அதைத் தடுக்கிற டெனோசுமாப், எலும்புத் தேய்மானத்துக்கு ஏற்கெனவே இருக்கிற மருந்து. 2016ல, சிக்னலைத் தடுத்தா எலிகளில் கட்டி தாமதமாகுதுன்னு காட்டினாங்க. அப்புறம் பெண்களிடமும் சோதனை ஆரம்பித்தது.

சோதனைதான், சிகிச்சை இல்லை. இன்னைக்கு அவ முன்னாடி முக்கியமா இருக்கறது அறுவை சிகிச்சை, இல்லேன்னா வருஷா வருஷம் எம்ஆர்ஐ. அடுத்த மாசம் மரபணு ஆலோசகரைப் பார்க்கறா. கேக்க வேண்டியதை நோட்டில எழுதிட்டிருக்கா, ஏற்கெனவே ரெண்டு பக்கம்.