கொள்ளைநோயும் பொருள்வயிற் பிரிவும்



பொருள் தேடிப் பிரிதலைத் தமிழ் அகமரபு பாலைக்கு உரியதாக்கிற்று. அதன் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். வேனிலில் பிரிந்தவன் கார்காலத்தில் மீள்வான் என்பது தலைவியின் நம்பிக்கை. 2020ஆம் ஆண்டு இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. மார்ச்சு 24 இரவு, நான்கு மணி நேர இடைவெளியே தந்து, நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தில்லி, மும்பை, சூரத்து நகரங்களிலிருந்து தொழிலாளர் வேனிலில் வீடு திரும்பினர். மழை தொடங்கியபின் மீண்டும் பிரிந்தனர்.

நடந்து சென்றோரைப் பற்றி அந்நாளில் கவிதைகள் பல எழுந்தன. வெடித்த பாதமும் தலைச்சுமையும் அவற்றில் உண்டு; முடிவெடுக்கும் மனம் அரிதாகவே உண்டு. அகப்பாடலின் தலைவனோ தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். புறப்பட்டவன் தயங்கித் தங்குகிறான். இச்செலவழுங்குதல் பயணத்தைக் கைவிடுதல் ஆகாது, தலைவியைத் தேற்றும்பொருட்டுத் தாழ்த்தலே எனத் தொல்காப்பியம் தெளிவுறுத்தும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பலர் ஊரில் கழித்த அந்தச் சில திங்களுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அவர்கள் எண்ணிப் பார்த்தவை எவை? சிறப்பு ரயில்களில் மட்டும் ஏறத்தாழ 63 லட்சம் பேர் ஊர் சேர்ந்தனர். ஊரக வேலைத் திட்டத்தின் மனித நாட்கள் 2019-20இல் 265 கோடியாக இருந்து, அடுத்த ஆண்டு 389 கோடியாயின. ஆனால் அத்திட்டம் ஒரு குடும்பத்திற்கு உறுதியளித்தது ஆண்டுக்கு 100 நாளே. எஞ்சிய நாட்களுக்கு என்ன வழி? நகரிலோ குடும்ப அட்டை செல்லவில்லை. அட்டை ஊரில், பசித்த வாய் நகரில். குடும்பத்தோடு போவதா, ஒருவர் மட்டும் போவதா என்பது அடுத்த வினா.

கொள்ளைநோய்க்கு அஞ்சி நகர் நீங்குதல் புதிதன்று. 1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக்கு கண்டறியப்பட்டது. சில திங்களில் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினர். அதுவரை பஞ்சாலைகள் கூலியை நிலுவையில் வைத்தே ஆட்களைக் கட்டி வைத்திருந்தன. எஞ்சிய தொழிலாளர் அன்றன்றைக் கூலியை அன்றன்றே கேட்டுப் பெற்றனர். ஆலைக்காரர்கள் தெருமுனையில் ஆளுக்குப் போட்டியிட்டனர். அன்று ஆலைகள் ஓடின, ஆள் இல்லை. 2020இலோ தொழிலும் சேர்த்தே மூடப்பட்டமையால் அவ்வலிமை வாய்க்கவில்லை. நிலுவைக் கூலியை விட்டு நடந்தோர் பலர். பஞ்சாபு மட்டும் ஓரளவு விலக்கு. ஜூன் நடவுக்கு ஆளின்றி நிலக்கிழார் சிலர் பீகாருக்குப் பேருந்து அனுப்பினர். வேறு பலர் நாற்று நடுதலை விடுத்து நேரடி விதைப்புக்கு மாறினர். பேருந்தை மறந்துவிடலாம், விதைப்பு முறை மாறினால் அடுத்த ஆண்டின் வேலையும் குறையும்.

எல்லோரும் திரும்பிச் சென்றுவிடவில்லை. 2018-19இல் உழைப்போரில் 42.5 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர். 2020-21இல் அது 46.5 ஆயிற்று, 2023-24இலும் 46 விழுக்காட்டளவிலேயே நின்றது. இவ்வுயர்வில் பெரும்பங்கு பெண்களுடையது என்பது கவிஞர்கள் கருதத்தக்கது. மரபு தலைவிக்கு வகுத்தது ஆற்றியிருத்தல். இங்கே அவள் களையெடுக்கப் போயிருக்கிறாள், பெரும்பாலும் தன் குடும்ப நிலத்தில், கூலியின்றி.