படபடப்போடு பஸ் ஏறலாம்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து. இன்றைக்குப் பஸ், நாளைக்குச் சாலைக் கடைத்தெரு, அப்புறம் கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸுக்கும் இப்படிக் கடும் பதற்றம் இருந்தது. அவரும் சகாக்களும் 1980களில் உருவாக்கி, 1999இல் நூலாக்கிய சிகிச்சைமுறை 'ஆக்ட்'. ஏற்றுக்கொள்வதும் செயலில் உறுதியாக நிற்பதும் அதன் அடிப்படை. பதற்றத்தைத் துரத்த வேண்டாம் என்கிறது அது. 'எனக்கு ஏதோ ஆகிவிடும்' என்பதை, 'எனக்கு ஏதோ ஆகிவிடும் என்ற எண்ணம் வருகிறது' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எண்ணம் போகாது; பிடி சற்றுத் தளரும். பிறகு, எனக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். அக்கா மகள் கல்யாணமா? அப்படியானால் படபடப்போடேயே பஸ் ஏறுங்கள். முதல் நாளைக்கு ஒரு ஸ்டாப் போதும்.

தனியாக முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்திலேயே, ஊளம்பாறையில், 1870இல் தொடங்கிய அரசு மனநல மையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே கேலியாக்கி எத்தனை பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் செய்திருக்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச, டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.